அம்மா கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்?

இன்ஜினியரிங்ல எந்த டிபார்ட்மென்ட் எடுத்தாலும் சரி, சொந்தக்காரங்களுக்கு நாம எல்லாருமே கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ஆள்தான். நான் படிப்பது மெக்கானிக்கல். ஆனா லீவுக்கு ஊருக்குப் போனா பெரியப்பா வீட்டு பிரின்டர், சித்தி வீட்டு வைஃபை, எதிர்வீட்டு லேப்டாப் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். அதுல அடிக்கடி வரும் கேள்வி: "தம்பி, காசு கட்டாம நல்ல ஆன்டிவைரஸ் எதுப்பா?"

மூணு வருஷமா இதுக்கு யோசிக்காம ஒரு பேரைச் சொல்லி அனுப்பிட்டிருந்தேன். இந்த வருஷம் எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கே பதில் சொல்ல வேண்டி வந்துருச்சு. அதுல கத்துக்கிட்டதையும், நான் பண்ணின ஒரு கேவலமான வேலையையும் சேர்த்தே எழுதறேன். இன்னொண்ணு, நான் எல்.கே.ஜி.யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரையில ஒற்றுப்பிழை இருந்தா அது என்னோடது. சரியா இருக்கிற இடமெல்லாம் அம்மா திருத்தினது.

எங்க ஊர் அருப்புக்கோட்டை. அம்மா வீட்டிலேயே ஜாப் டைப்பிங் பண்றாங்க. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். மனு, கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிராஜெக்ட், பிஎச்.டி. ஆய்வேடு எல்லாம் வரும். இங்கிலீஷ்னா பக்கத்துக்கு 20 ரூபாய், தமிழ்னா 25. கம்ப்யூட்டர் 2016-ல வாங்கினது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. என் ஹாஸ்டல் பீஸ்ல பாதி அந்தக் கீபோர்டுல இருந்துதான் வருது.

பிப்ரவரி முதல் வாரம், நான் லேப்ல இருக்கும்போது அம்மா போன். "தம்பி, என் மெயில்ல இருந்து எல்லாருக்கும் என்னமோ போயிருக்காம்டா. நான் எதுவுமே அனுப்பலடா."

அம்மாவோட மெயில்ல இருந்த நூத்துக்கும் மேற்பட்ட கஸ்டமர்களுக்கு 'பில்'னு ஒரு ஜிப் ஃபைல் போயிருந்தது. அனுப்பினது அம்மா பேர்ல. சில பேர் திறந்தும் பார்த்துட்டாங்க. அம்மா ரெண்டு நாள் டைப்பிங்கை நிறுத்திட்டு, நோட்டுல இருந்த நம்பருக்கெல்லாம் ஒவ்வொண்ணா போன் பண்ணி, "அது நான் அனுப்பலைங்க, திறக்காதீங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. பதினஞ்சு வருஷமா சேர்த்த பேர்.

சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. இன்ஜினியரிங் படிக்கிற பையன் வந்துட்டான்ல. மேசையில மூணு பென் டிரைவ் கிடந்தது. எனக்கு உடனே பதில் கிடைச்சிருச்சு. "அம்மா, கண்டவங்க பென் டிரைவை எல்லாம் சொருகினா இப்படித்தான் ஆகும்."

கடைசியா பென் டிரைவ் குடுத்தது யாருன்னு கேட்டேன். ஒரு அக்கா. தமிழ்ல பிஎச்.டி. பண்றாங்க, ஆய்வேட்டோட மூணாவது இயல் கொண்டுவந்திருந்தாங்க. அம்மா போனை வாங்கி நானே அந்த அக்காகிட்ட பேசினேன். "உங்க பென் டிரைவ்ல இருந்துதான் வைரஸ் வந்திருக்கு. வேற இடத்துல போடறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கோங்க"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி தம்பி, சாரி"ன்னு வச்சுட்டாங்க. வாசல்ல 'பென் டிரைவ் வாங்கப்படாது'ன்னு பேப்பர் ஒட்டினேன். பிரின்ட் போட்டுக் குடுத்தது அம்மாதான்.

அடுத்தது ஆன்டிவைரஸ் தேடல். ஏற்கெனவே விண்டோஸோட வர்ற டிஃபென்டர் இருந்தது. 'சும்மா கூடவே வர்றது என்னத்தைக் காப்பாத்தும்'ங்கிற நினைப்பு எனக்கு. யூடியூப்ல ரெண்டு வீடியோ பார்த்துட்டு ஒரு பிரபலமான இலவச சாப்ட்வேரை இறக்கினேன். ஒரு க்விக் ஸ்கேன் போட்டேன், ஒண்ணும் வரல. முழு ஸ்கேன் நாலு மணி நேரம் காட்டுச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன். பத்தாதுன்னு பாதுகாப்புக்கு இன்னொரு இலவச ஆன்டிவைரஸையும் போட்டுட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டேன்.

ரெண்டு போட்டா ரெட்டிப்புப் பாதுகாப்புன்னு நினைச்சேன். உண்மை வேற. ஆன்டிவைரஸோட முக்கிய வேலை நாம ஸ்கேன் பட்டன் அழுத்தும்போது மட்டும் நடக்கிறது இல்ல. நாம ஒரு ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நடுவுல நின்னு பார்க்கும். ரெண்டு பேர் நடுவுல நின்னா, ஒருத்தர் பார்க்கிற ஃபைலை இன்னொருத்தர் பிடிச்சு இழுப்பார். வேர்டு ஃபைல் திறக்க ஒரு நிமிஷம் ஆச்சுன்னு அம்மா சொன்னாங்க. வேற கம்பெனி ஆன்டிவைரஸ் வந்ததும் டிஃபென்டர் தானா ஒதுங்கிக்கும். ஆனா அந்த ரெண்டு பேருக்குள்ள யாரும் ஒதுங்கல.

புதன்கிழமை இன்னொரு போன். அம்மாவோட தமிழ் டைப்பிங் சாப்ட்வேரை அதுல ஒண்ணு வைரஸ்னு சொல்லி பூட்டி வச்சிருச்சு. யோசிச்சா காரணம் புரியும். நாம அடிக்கிற ஒவ்வொரு கீயையும் பிடிச்சு, அதைத் தமிழ் எழுத்தா மாத்திக் குடுக்கறது அந்த சாப்ட்வேரோட வேலை. பாஸ்வேர்டு திருடற கீலாக்கரும் ஒவ்வொரு கீயையும்தான் பிடிக்கும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். ஆனா மறுநாள் காலையில குடுக்க வேண்டிய நாப்பது பக்கம் அம்மா கையில இருந்தது. அது போதாதுன்னு ஸ்கிரீன் மூலையில ஒரு சிவப்புப் பெட்டி: உங்க கம்ப்யூட்டர்ல 14 பிரச்சினை இருக்கு, சரி பண்ண காசு கட்டுங்க. அம்மா பயந்துபோய் கார்டை எடுத்துட்டு, எதுக்கும் கேட்டுக்கலாம்னு எனக்குப் போன் பண்ணியிருந்தாங்க. அந்த 14-ல பாதி 'உங்க பிரவுசர்ல குக்கீஸ் இருக்கு' மாதிரி விஷயங்கள்.

அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவையா ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன்.

இலவச ஆன்டிவைரஸ் குடுக்கிற கம்பெனிக்கும் சம்பளம், சர்வர் எல்லாம் இருக்கு. காசு எங்கேயிருந்தோ வந்தாகணும். நிறைய பேர் நேர்மையான வழியிலதான் எடுக்கறாங்க. இலவசமா பாதி, காசுக்கு முழுசுன்னு விப்பாங்க. அதனாலதான் அந்தச் சிவப்புப் பெட்டி. இன்னொரு வழி நம்ம தகவல். 2024 பிப்ரவரியில அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்ட் கம்பெனி மேல நடவடிக்கை எடுத்தது. ஜனங்க எந்தெந்த இணையதளம் பார்க்கறாங்கங்கிற விவரத்தை ஜம்ப்ஷாட்ங்கிற துணை நிறுவனம் வழியா வித்தாங்கன்னு குற்றச்சாட்டு. 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டணும், இனி அந்த விவரத்தை விளம்பரத்துக்காக விக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஜம்ப்ஷாட்டை 2020-லயே மூடிட்டாங்க. எங்க வீட்டுல நான் போட்டது அது இல்ல. ஆனா நாம எதைப் பார்க்கறோம்னு பக்கத்துல நின்னு பார்க்கற ஆள் யாருங்கிறது சின்ன விஷயம் இல்லைன்னு அப்போ புரிஞ்சது.

எது நல்லதுன்னு யூடியூப்ல தேடறதைவிட, இதையே வேலையா வச்சிருக்கிற லேப் ரெண்டு இருக்கு. ஜெர்மனியில ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவுல ஏவி-கம்பேரட்டிவ்ஸ். ரெண்டோட முடிவுகளும் இணையத்துல இலவசமா கிடைக்கும். ஏவி-டெஸ்ட் மூணு பாடத்துக்குத் தலா 6 மார்க் போடறாங்க: வைரஸைப் பிடிக்குதா, கம்ப்யூட்டரை மெதுவாக்குதா, நல்ல சாப்ட்வேரைத் தப்பா வைரஸ்னு சொல்லுதா. மொத்தம் 18. நான் எப்பவும் முதல் பாடத்தை மட்டும்தான் பார்த்திருக்கேன். அம்மாவுக்கு வேணும்னு பார்த்தா மத்த ரெண்டும்தான் முக்கியம். பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாகக் கூடாது, டைப்பிங் சாப்ட்வேரைப் பூட்டக் கூடாது.

அந்த லிஸ்ட்ல நான் கேலி பண்ணின டிஃபென்டர் சமீப வருஷங்கள்ல பல தடவை முழு மார்க் வாங்கியிருந்தது. 2009-ல மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்னு தனியா இறக்கிப் போடற மாதிரி இருந்தது. 2012-ல விண்டோஸ் 8 வந்தப்போ கூடவே வர்ற முழு ஆன்டிவைரஸா ஆயிருச்சு. சிவப்புப் பெட்டி காட்டிக் காசு கேக்கறதும் இல்ல.

அடுத்த வாரக் கடைசியில மறுபடி ஊர். ரெண்டு ஆன்டிவைரஸையும் நீக்கினேன். ரீஸ்டார்ட் ஆனதும் டிஃபென்டர் தானாவே வேலைக்கு வந்துருச்சு. முழிச்சிருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. ஐகார்னு ஒரு டெஸ்ட் ஃபைல், வெறும் 68 எழுத்து. அது வைரஸே இல்ல, யாருக்கும் எதுவும் பண்ணாது. ஆனா ஆன்டிவைரஸ் எல்லாம் அதைப் பார்த்தா கத்தணும்னு பேசி வச்சிருக்காங்க. நோட்பேடுல ஒட்டி சேவ் பண்ணினேன். உடனே பிடிச்சிருச்சு. அம்மா பின்னாடி நின்னு, "அப்போ இது தூங்கலையே. அன்னைக்கு ஏன்டா விட்டுச்சு?"ன்னு கேட்டாங்க.

நல்ல கேள்வி. செட்டிங்ஸ் ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே வந்தேன். 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'னு ஒரு இடம். அங்கே குடுக்கற ஃபோல்டரை டிஃபென்டர் எட்டிக்கூடப் பார்க்காது. சாதாரணமா அது காலியா இருக்கணும். எங்க வீட்டுல ஒரு வரி இருந்தது. டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர். பேர் 'எடிட்'.

அது என் ஃபோல்டர்.

பொங்கல் லீவுல டிபார்ட்மென்ட் ஃபெஸ்ட்டுக்கு ஒரு ஷார்ட் ஃபிலிம் எடிட் பண்ண வேண்டியிருந்தது. என் லேப்டாப் சர்வீஸ்ல இருந்தது. டெலிகிராம்ல ஒரு சேனல்ல எடிட்டிங் சாப்ட்வேரோட கிராக் கிடைச்சது. பாஸ்வேர்டு போட்ட ஜிப். உள்ள ஒரு குறிப்பு: ஆன்டிவைரஸ் இதைத் தப்பா வைரஸ்னு சொல்லும், அதனால இந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷன்ல சேர்த்துட்டு இன்ஸ்டால் பண்ணவும். டிஃபென்டர் அன்னைக்குக் கத்தியிருக்கு. நான்தான் அதோட வாயைப் பொத்திட்டு கதவைத் திறந்து விட்டேன். கிராக் வேலையும் செய்யல. மறந்தே போயிட்டேன்.

எக்ஸ்க்ளூஷனை எடுத்துட்டு ஃபோல்டரை ஸ்கேன் பண்ணினேன். ரெண்டு நிமிஷத்துல வந்தது. பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டைத் திருடற ட்ரோஜன். இந்த வகை வைரஸ் ஸ்கிரீன்ல மண்டை ஓடு எல்லாம் காட்டாது. ஒரே தடவை ஓடி, பாஸ்வேர்டையும் லாகின் குக்கீயையும் அள்ளிட்டுப் போயிரும். குக்கீ கிடைச்சா ஏற்கெனவே லாகின் ஆன ஆள் மாதிரியே உள்ள நுழையலாம், ஓடிபி கூடக் கேக்காது. அம்மா மெயில் எப்படிப் போச்சுங்கிறதுக்கு இதைவிட வேற விளக்கம் வேண்டியது இல்ல. மேசையில இருந்த மூணு பென் டிரைவையும் ஸ்கேன் பண்ணினேன். மூணும் சுத்தம்.

அம்மா சமையல்கட்டுல இருந்து, "என்னடா, கிடைச்சுதா?"ன்னு கேட்டாங்க. நான், "பார்த்துக்கிட்டிருக்கேன்மா"ன்னேன்.

சும்மா அழிச்சுட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நிஜமாவே அன்னைக்கு ராத்திரி முழுக்க அதைத்தான் நினைச்சேன். காலையில வாசல்ல ஒரு பையன் பிராஜெக்ட் ரிப்போர்ட்டோட வந்து நின்னான். கையில பென் டிரைவ். என் பேப்பரைப் படிச்சுட்டு அப்படியே திரும்பிப் போனான். அம்மா ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்போதான் சொன்னேன்.

அம்மா திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "வைரஸ் வந்தா வந்துட்டுப் போகட்டும். அந்தப் புள்ளகிட்ட அப்படிப் பேசினியேடா" அப்படின்னாங்க. நம்பரை எடுத்து என் கையில குடுத்தாங்க.

அந்த அக்கா ரெண்டாவது ரிங்லயே எடுத்தாங்க. சொன்னேன். "எனக்கு அப்பவே சந்தேகம்தான் தம்பி. ஆனா நீங்க இன்ஜினியரிங்னு அம்மா சொன்னாங்களா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன். ஆயிரம் ரூபா குடுத்து லேப்டாப்பைக் கடையில செக் பண்ணினேன். நாலு வருஷ வேலை அதுலதான இருக்கு"ன்னாங்க. அந்த ஆயிரம் ரூபாயைத் தர்றேன்னேன். வேண்டாம்னுட்டாங்க. எனக்கு அது இன்னும் ஒரு மாதிரியாவே இருக்கு.

அதுக்கப்புறம் பண்ணினதை வரிசையாச் சொல்றேன், உங்க வீட்டுக்கும் உதவும்.

முதல்ல, அம்மா போன்ல இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்தினோம். பாதிச்ச கம்ப்யூட்டர்ல இருந்தே மாத்தினா புதுசும் போயிரலாம். மெயில்ல 'எல்லா சாதனத்திலிருந்தும் வெளியேறு' குடுத்து, ரெண்டடுக்கு லாகின் போட்டோம். அம்மாவோட டாக்குமென்ட்டை மட்டும் வெளியே எடுத்துட்டு விண்டோஸை முழுசா அழிச்சுப் புதுசாப் போட்டேன்.

ரெண்டாவது, அப்டேட். 2017 மே மாசம் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவினப்போ, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கற அப்டேட் மார்ச் மாசமே வந்திருந்தது. போடாதவங்கதான் மாட்டினாங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. எங்க ஐ3-ல முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. அதனால 2026 அக்டோபர் 13 வரைக்கும் வர்ற நீட்டிப்புத் திட்டத்துல சேர்த்தேன். செட்டிங்ஸ் சின்க்கை ஆன் பண்ணினா காசு இல்ல. டிஃபென்டருக்கு மட்டும் புது வைரஸ் விவரம் 2028 வரை வரும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. ஆனா சுவர்ல ஓட்டை இருந்தா காவல்காரன் மட்டும் போதாது. அக்டோபருக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்.

மூணாவது, பேக்கப். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி, அப்புறம் கழட்டி பீரோவுல. சொருகியே வச்சா ரான்சம்வேர் வந்தா அதையும் சேர்த்தே பூட்டிரும்.

நாலாவது, பென் டிரைவ். வாசல் பேப்பரைக் கிழிச்சாச்சு. பென் டிரைவ் இல்லாம அம்மா தொழில் இல்ல. சொருகினதும் ரைட் கிளிக், ஸ்கேன், அப்புறம்தான் திறக்கறது. ஃபைல் பேரோட கடைசி எழுத்துகள் தெரியற மாதிரி வச்சிருக்கேன். வேர்டு படம் போட்டுக்கிட்டு .இஎக்ஸ்இ-ன்னு முடிஞ்சா அம்மாவே கண்டுபிடிச்சிருவாங்க. சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்துல போட்டா பல ஆன்டிவைரஸ் ஒரே நேரத்துல பார்த்துச் சொல்லும். ஆனா அங்கே போடற ஃபைலை மத்த பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்கலாம். அதனால கஸ்டமரோட ஆய்வேட்டை அங்கே போடறதே இல்ல.

அஞ்சாவதுதான் பெரிசு. அம்மாவுக்கும் எனக்கும் சாதாரண அக்கவுண்ட். எதையாவது இன்ஸ்டால் பண்ணணும்னா, டிஃபென்டர்ல கை வைக்கணும்னா, அட்மின் பாஸ்வேர்டு வேணும். அது அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு. எனக்குத் தெரியாது.

போன மாசம் எடிட்டிங்குக்கு ஷாட்கட்னு ஒரு சாப்ட்வேர் கேட்டேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், கிராக்கே தேவையில்ல. பொங்கலுக்கே இதைத் தேடியிருக்கலாம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மூணு கேள்வி கேட்டாங்க. எதுக்கு? எங்கேயிருந்து எடுத்த? ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லுதா? பதில் சொன்ன பிறகுதான் பாஸ்வேர்டு போட்டாங்க, என்னைத் திரும்பி நிக்கச் சொல்லிட்டு.

இப்போ பெரியப்பா வீட்டுல எந்த ஆன்டிவைரஸ்னு கேட்டா, பேரைச் சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கம்ப்யூட்டர்ல யார் யார் உட்காருவாங்க, என்ன வேலை நடக்கும், அதுல எது போனா அழுவீங்கன்னு கேக்கறேன். அப்புறம் எக்ஸ்க்ளூஷன்ஸ் லிஸ்ட்டைத் திறந்து பார்க்கறேன். பெரியப்பா பையன் ப்ளஸ் டூ. அவன் கம்ப்யூட்டர்ல நாலு ஃபோல்டர் இருந்தது. என்னைப் பார்த்து முழிச்சான். நான் எதுவும் திட்டல. எனக்கு அந்தத் தகுதி இல்ல.

அந்த அக்கா நாலாவது இயலைப் போன வாரம் கொண்டுவந்தாங்களாம். பென் டிரைவை நீட்டும்போதே, "ஸ்கேன் பண்ணிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்மா"ன்னு சொன்னாங்களாம். இனி அவங்க அப்படிச் சொல்லாம இருக்க எவ்வளவு நாள் ஆகும்னு தெரியல.

இதை நோட்டுல எழுதிக் குடுத்தேன், அம்மாதான் டைப் அடிச்சாங்க. தமிழ், அதனால பக்கத்துக்கு 25 ரூபாய். பில் வந்திருக்கு. பேப்பர்ல.